இரண்டு வயது தாண்டியும் பேச்சு வரவில்லையா? முதலில் காதைப் பாருங்கள்

கேள்வி:

என் மகனுக்கு இரண்டு வயது இரண்டு மாதம் முடிந்துவிட்டது. ‘ம்மா’, ‘ப்பா’, ‘வா’, ‘போ’ என்று பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான் பேசுகிறான். நாய்க்கு ‘பௌ’, ரயிலுக்கு ‘ஊ’. இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொன்னதே இல்லை. நாங்கள் சொல்வது பெரும்பாலும் அவனுக்குப் புரிகிறது. நிலாவைக் கண்டால் விரல் நீட்டிக் காட்டிவிட்டு என் முகத்தைத் திரும்பிப் பார்ப்பான். பிறந்தவுடன் செய்த காது பரிசோதனையில் குறையில்லை என்றார்கள். அடிக்கடி சளி பிடிக்கிறது, வாயைத் திறந்தபடியே தூங்குகிறான்; மற்றபடி ஆரோக்கியமாகவே இருக்கிறான். ‘ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும், இவன் அப்பாவும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்’ என்கிறார் என் மாமியார். மருத்துவரும் மூன்று வயது வரை பார்க்கலாம் என்றார். என் கணவரின் தாய்மொழி வேறு. வீட்டில் இரண்டு மொழி பேசுவதால்தான் பிள்ளை குழம்புகிறான், ஒன்றை நிறுத்துங்கள் என்கிறார்கள் சிலர். நாக்கு ஒட்டியிருக்கும், வெட்டிவிட்டால் பேசுவான் என்கிறார்கள் வேறு சிலர். கைப்பேசியில் பாட்டுப் போட்டால்தான் சாப்பிடுகிறான். நான் வேலைக்குப் போவதால் அவனோடு போதுமான அளவு பேசவில்லையோ என்ற நினைப்பு இரவில் தூங்கவிடுவதில்லை. நான் காத்திருக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

காத்திருக்க வேண்டாம். இந்த மாதத்திலேயே உங்கள் மகனுக்கு முழுமையான செவித்திறன் பரிசோதனை செய்துவிடுங்கள். அதன் முடிவு எதுவானாலும், அடுத்ததாக ஒரு பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் அவனை ஒருமுறை காட்டுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை அச்சப்படுத்தும் செய்தி எதுவும் இல்லை; நம்பிக்கை தரும் செய்திகள் சில இருக்கின்றன. ஆனால் ‘மற்றபடி ஆரோக்கியமாகவே இருக்கிறான்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் உள்ள சளியும் வாய் திறந்த தூக்கமும்தான் கடிதம் முழுவதிலும் என் கண்ணில் முதலில் பட்டவை. அவற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதப்போகிறேன்.

அதற்கு முன் உங்கள் குற்ற உணர்வைப் பற்றி ஒரு சொல். அம்மா வேலைக்குப் போவது பேச்சுத் தாமதத்துக்குக் காரணம் ஆகாது. நாள் முழுவதும் யாராவது பேசிக்கொண்டே இருந்தால்தான் குழந்தைக்குப் பேச்சு வரும் என்பதில்லை. தன் முகம் பார்த்து, தன் பதிலுக்காக ஒருவர் காத்திருக்கும் சில பொழுதுகள் தினமும் கிடைத்தால் போதும். பகலில் பார்த்துக்கொள்பவரும் அதைத் தரலாம், பாட்டியும் தரலாம், மாலையில் வீடு திரும்பியதும் நீங்களும் தரலாம். இரவில் உங்களை வாட்டும் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள். செய்ய வேண்டிய வேலைகள் வேறு இருக்கின்றன.

முதல் வேலை, அவனுடைய சொற்களைச் சரியாக எண்ணுவது. பெரியவர்கள் சொல்வதுபோல் திருத்தமாகச் சொன்னால்தான் அது சொல் என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். ஒரே பொருளுக்கு ஒரே ஒலியை, யாரும் தூண்டாமல் தானாகவே, திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் அது சொல்தான். நாய்க்கு ‘பௌ’வும் சொல், ரயிலுக்கு ‘ஊ’வும் சொல். சார்லஸ் டார்வின் தம் மூத்த மகனின் வளர்ச்சியைக் குறித்து வைத்திருந்து 1877-ல் கட்டுரையாக வெளியிட்டார். சரியாக ஒரு வயது ஆனபோது அந்தக் குழந்தை உணவுக்கு ‘மம்’ என்ற சொல்லைத் தானே உருவாக்கிக்கொண்டதை அவர் அதில் ஒரு பெரிய முன்னேற்றமாகப் பதிவு செய்திருக்கிறார். பேச்சு மொழிச் சிகிச்சையாளர்களான எங்கள் கணக்கிலும் அது முழுச் சொல்லே. அதுபோல, தந்தையின் மொழியில் அவன் சொல்லும் சொற்களையும் இதோடு சேர்த்து எண்ண வேண்டும். இப்படி எண்ணினால் உங்கள் பன்னிரண்டு, பதினெட்டாகவோ இருபதாகவோ உயரக்கூடும்.

உயர்ந்தாலும் அது போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தைகளுக்கிடையே வேறுபாடு மிகப் பெரிது. இரண்டாவது பிறந்தநாளன்று ஐம்பது சொற்களோடு நிற்கும் குழந்தையும் உண்டு, முந்நூறைத் தாண்டிய குழந்தையும் உண்டு, இருவருமே இயல்பானவர்கள். ஆனால் இரண்டு வயதில் ஐம்பது சொற்கள்கூட இல்லை என்றாலோ, ‘அம்மா வா’, ‘பந்து தா’ என்று இரண்டைச் சேர்க்கவில்லை என்றாலோ, அந்தக் குழந்தையைத் தாமதமாகப் பேசுபவர்கள் வரிசையில் வைத்துக் கவனிப்பது எங்கள் துறையில் வழக்கம். நூறு குழந்தைகளில் பத்து முதல் இருபது பேர் வரை இந்த வரிசையில் வருவார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பள்ளி செல்லும் வயதுக்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். உங்கள் மருத்துவர் பார்க்கலாம் என்று சொன்னதும், மாமியார் ஆறுதல் சொன்னதும் இந்தப் பாதியை மனத்தில் வைத்துத்தான். அவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றைப் பார்த்து, இவன் எட்டிப் பிடிக்கும் பாதியில் இருப்பானா, மற்றப் பாதியில் இருப்பானா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பள்ளி தொடங்கும் வயதில் ஏறத்தாழ நூறில் ஏழு குழந்தைகளுக்கு, வேறு காரணம் எதுவும் இல்லாமலே மொழி வளர்ச்சிக் குறைபாடு நீடிக்கிறது. தானாகச் சரியாகிவிடக்கூடிய குழந்தையைச் சோதித்துப் பார்த்தால் ஓர் அரை நாள்தான் செலவாகும். உதவி தேவைப்படும் குழந்தையைக் காத்திருக்க வைத்தால், மூளை மொழிக்கு மிகவும் இசைந்து கொடுக்கும் ஒரு வருடம் கைநழுவிப் போகும். நான் எப்போதும் அரை நாளைச் செலவழிக்கவே சொல்வேன்.

ஆண் குழந்தைகள் சற்று மெதுவாகப் பேசுவது உண்மைதான். ஆனால் சராசரியில் அந்த வேறுபாடு ஓரிரு மாதங்கள் மட்டுமே. ஒரு வருட இடைவெளிக்கு அதைச் சமாதானமாகச் சொல்ல முடியாது. ‘இவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினான்’ என்பதை வீட்டில் எல்லோரும் ஆறுதலாகச் சொல்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கோ அது குறித்துவைத்துக்கொள்ள வேண்டிய தகவல். பேச்சுத் தாமதமும் மொழிக் குறைபாடும் குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடியவை. உங்கள் கணவர் பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குச் சிரமப்பட்டாரா என்று மாமியாரிடம் பக்குவமாக ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். பரிசோதிப்பவருக்கு அது பயன்படும்.

இனி காதுக்கு வருகிறேன்.

குழந்தை பேசத் தொடங்குவது ஒரு வயதில் என்றாலும், அதற்கான கேட்டல் கருவிலேயே தொடங்கிவிடுகிறது. கர்ப்பத்தின் ஆறாவது, ஏழாவது மாத அளவில் கருவிலுள்ள குழந்தை ஒலிகளுக்கு அசைந்து கொடுக்கிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ஒரு ரப்பர் காம்பைக் கொடுத்து, ஒரு விதமாகச் சப்பினால் தன் தாயின் குரலும் வேறு விதமாகச் சப்பினால் இன்னொரு பெண்ணின் குரலும் கேட்கும்படி அமைத்து ஒரு சோதனை செய்தார்கள்; 1980-ல் அதன் முடிவு வெளியானது. குழந்தைகள் தாயின் குரல் வரும்படியாகவே சப்பும் விதத்தை மாற்றிக்கொண்டன. எட்டாவது மாதத்தில் இதைவிட வியப்பான ஒன்று நடக்கிறது. இடைவெளியே இல்லாமல் ஓடும் பொருளற்ற அசைகளை இரண்டே நிமிடம் கேட்ட குழந்தைகள், எந்த அசையைத் தொடர்ந்து எந்த அசை வழக்கமாக வருகிறது என்பதைப் பிடித்துக்கொண்டு, சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிரித்துவிடுகின்றன. இது 1996-ல் வெளியான ஆய்வு. நாம் பேசும்போது சொற்களுக்கு நடுவே இடம் விடுவதில்லை. ‘அப்பாவந்தாச்சு’ என்று ஒரே மூச்சில்தான் சொல்கிறோம். அதற்குள் ‘அப்பா’ என்று ஒன்று தனியாக இருக்கிறது என்பதைக் குழந்தை கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறது.

தமிழ் பேசும் நமக்கு நன்றாகப் புரியும் இன்னோர் ஆய்வும் உண்டு. ‘த’வுக்கும் ‘ட’வுக்கும் உள்ள வேறுபாடு நமக்குப் பகல்போல் தெளிவானது, ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்தவர்களுக்கோ பிடிபடாதது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் குழந்தைகளுக்கு, இந்தி மொழியில் உள்ள இந்த இரண்டு ஒலிகளையும் கேட்கச் செய்து பார்த்தார்கள். ஆறிலிருந்து எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை வேறுபாட்டைக் கண்டுகொண்டன. பத்திலிருந்து பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகச் சிலவே கண்டுகொண்டன. 1984-ல் வெளியான இந்த முடிவு, முதல் பிறந்தநாளுக்கு முன்பே குழந்தையின் காது தன் வீட்டு மொழிக்கு ஏற்றபடி தன்னைச் செதுக்கிக்கொள்கிறது என்பதைக் காட்டியது. அதே பருவத்தில்தான் ‘பபப’, ‘மமம’, ‘ததத’ என்று அசைகளை அடுக்கும் மழலையும் வருகிறது. பிறவியிலேயே கேளாத குழந்தைகளும் முதல் மாதங்களில் ‘ங்கா’ என்று கொஞ்சும். ஆனால் இந்த அசையடுக்கு அவர்களிடம் மிகவும் தாமதமாகவே வரும். காரணம், வாய் தன் வேலையைக் காதிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறது.

உங்கள் மகன் பிறந்தபோது காது நன்றாக இருந்தது என்கிறீர்கள். அந்தப் பரிசோதனை அன்றைய நிலையைச் சொன்னது, அவ்வளவுதான். நடுச்செவியைத் தொண்டையின் பின்பகுதியோடு இணைக்கும் குழாய் ஒன்று இருக்கிறது. சிறு குழந்தைகளுக்கு அது குட்டையாகவும், ஏறக்குறையப் படுக்கை வசத்திலும் இருப்பதால் சளி பிடிக்கும்போதெல்லாம் எளிதில் அடைத்துக்கொள்கிறது. அதன் வாயருகே இருக்கும் அடினாய்டு என்ற சதை வீங்கினால் மூக்கும் அடைபடும். குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கும், சிலவேளை குறட்டையும் விடும். குழாய் அடைபட்டபடி இருந்தால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி, நாளடைவில் பசைபோல் கெட்டியாகிவிடும். இதில் வலி இருக்க வேண்டும் என்பதில்லை, காய்ச்சலோ காதில் சீழோ வர வேண்டும் என்பதும் இல்லை. அதனால்தான் வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் மாதக்கணக்கில் நீடிக்கிறது.

இப்படி நீர் தேங்கினால் கேட்கும் திறன் பெரும்பாலும் 20 முதல் 30 டெசிபெல் வரை குறைகிறது. அது எப்படியிருக்கும் என்று அறிய, இரண்டு காதுகளையும் விரலால் அழுத்தி மூடிக்கொண்டு, அடுத்த அறையில் இருப்பவர் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். குரல் கேட்கும். யார் பேசுகிறார் என்பதும் தெரியும். உயிரொலிகள் உரத்தவை என்பதால் ஓரளவு வந்து சேரும். ‘ச’, ‘த’, ‘க’ போன்ற ஓசை குறைந்த மெய்யொலிகள் கரைந்துபோகும். கதவு அறையும் சத்தத்துக்கும் பின்னால் நின்று கைதட்டுவதற்கும் இப்படிப்பட்ட குழந்தை திரும்பிப் பார்க்கும் என்பதால், ‘கூப்பிட்டால் திரும்புகிறானே, காது நன்றாகத்தான் கேட்கிறது’ என்று வீட்டில் முடிவு செய்துவிடுகிறார்கள். போதாததற்கு, இந்த நீர் கூடும் குறையும். ஒரு வாரம் நன்றாகக் கேட்டவனுக்கு அடுத்த வாரம் கேட்காது. நேற்று ‘காது’ என்று கேட்ட சொல் இன்று ‘ஆ-உ’ என்று கேட்டால், அது ஒரே சொல் என்று குழந்தை எப்படி அறியும்?

நீங்கள் எழுதியுள்ள சொற்களை மறுபடியும் பாருங்கள்: ‘ம்மா’, ‘ப்பா’, ‘வா’, ‘போ’, ‘பௌ’, ‘ஊ’. மெய்யொலி உள்ளவை எல்லாமே உதட்டால் பிறப்பவை. வாயைப் பார்த்தே கற்றுக்கொள்ளக்கூடியவை. எல்லாக் குழந்தைகளுக்கும் உதட்டொலிகளே முதலில் வருகின்றன என்பதால் இது தற்செயலாகவும் இருக்கலாம். ஆறு சொற்களை வைத்துக்கொண்டு நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனாலும் சளி, வாய் வழி மூச்சு, உதட்டொலிகள் மட்டும் என்ற மூன்றும் ஒரே குழந்தையிடம் சேர்ந்து இருக்கும்போது, காதைப் பார்க்காமல் வேறு எதைப் பற்றியும் பேசுவது சரியாகாது.

பரிசோதனைகள் எவையும் வலிப்பவை அல்ல. டிம்பனோமெட்ரி என்பது காதின் வாயில் மெத்தென்ற ஒரு முனையைப் பொருத்தி, செவிப்பறை இயல்பாக அசைகிறதா என்று சில நொடிகளில் பார்ப்பது. நீர் இருந்தால் பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும். இன்னொன்றில் குழந்தையை உங்கள் மடியில் உட்கார வைத்து, பக்கவாட்டு ஒலிபெருக்கியிலிருந்து ஒலி எழுப்புவார்கள். ஒலி வந்த பக்கம் திரும்பினால் அங்கே ஒரு பொம்மை ஒளிர்ந்து ஆடும். ஒலியைச் சிறிது சிறிதாகக் குறைத்து, அவனுக்கு எதுவரை கேட்கிறது என்று கண்டறிவார்கள். இதற்கும் அவன் ஒத்துழைக்கவில்லை என்றால், ஒலிக்குச் செவி நரம்பும் மூளையும் எப்படி எதிர்வினை காட்டுகின்றன என்று தூங்கும்போது பதிவு செய்து பார்க்கும் பெரா (BERA) பரிசோதனை இருக்கிறது. நீர் இருப்பது தெரிந்தாலும் பதற வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாதங்களுக்குள் தானாகவே வடிந்துவிடுகிறது. வடியாமல் நீடித்து, கேட்கும் திறனும் குறைந்திருந்தால்தான் காது மூக்கு தொண்டை மருத்துவர் அடினாய்டைப் பற்றியும், செவிப்பறையில் சிறு குழாய் வைப்பது பற்றியும் யோசிப்பார். இடைப்பட்ட காலத்தில் காதில் எதையும் ஊற்றவோ குடையவோ வேண்டாம். அவனோடு பேசும்போது எதிரே அவன் உயரத்துக்கு உட்கார்ந்து, தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

அடுத்து நிலா. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். குழந்தைகள் விரல் நீட்டுவதில் இரண்டு வகை உண்டு. உயரத்தில் இருக்கும் பொம்மையைக் காட்டி எடுத்துத் தரக் கேட்பது ஒன்று. எதையும் கேட்காமல், ‘நான் பார்ப்பதை நீயும் பார்’ என்று காட்டுவது இன்னொன்று. நிலாவை எடுத்துத் தர முடியாது என்பது அவனுக்குத் தெரியும். அவன் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்தது, நீங்களும் பார்த்தீர்களா என்று சரிபார்க்கத்தான். ஒரு வயதையொட்டி வரும் இந்த இரண்டாவது வகைதான் உரையாடலின் வேர். அந்த வேர் உங்கள் மகனிடம் உறுதியாக இருக்கிறது. பேசுவது புரிகிறது என்பதும் அதே அளவு முக்கியம்; தாமதமாகப் பேசும் குழந்தைகளில், நன்றாகப் புரிந்துகொண்டு, சைகைகளைத் தாராளமாகப் பயன்படுத்துபவர்களே மற்றவர்களை எட்டிப் பிடிக்கும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள். ஆனால் புரிகிறதா என்பதைச் சைகை இல்லாமல் சோதித்துப் பாருங்கள். செருப்பைப் பார்க்காமலும் கை காட்டாமலும் ‘செருப்பை எடுத்துட்டு வா’ என்று சொல்லிப் பாருங்கள். நம் கண்ணும் கையும் எவ்வளவு சொல்லிவிடுகின்றன என்பதை நாமே உணர்வதில்லை.

இதைப் படிக்கும் மற்றப் பெற்றோருக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். ஒரு வயது கடந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, ஒன்றரை வயதிலும் எதையும் விரல் நீட்டிக் காட்டாத குழந்தை, பேசிக்கொண்டிருந்த சொற்களை இழந்துவிட்ட குழந்தை ஆகியோரை, எந்த வயதானாலும், யார் என்ன ஆறுதல் சொன்னாலும், உடனே காட்டுங்கள். 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு ஆட்டிசத்தின் அறிகுறிகளைப் பார்ப்பதற்கென்றே எளிய கேள்வித்தாள் இருக்கிறது. குழந்தைநல மருத்துவரிடம் கேட்டால் கிடைக்கும்.

நாக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாக்கின் அடிச் சவ்வு குட்டையாக இருந்தால் சில குழந்தைகள் பால் குடிக்கச் சிரமப்படும், அரிதாகச் சில ஒலிகள் திருத்தமாக வராமல் போகலாம். சொற்களே வராமல் இருப்பதற்கு அது காரணம் ஆகாது. பேசுவதற்காக உங்கள் மகனின் நாக்கில் கத்தி படத் தேவையில்லை.

இரண்டு மொழிகளில் எதையும் நிறுத்த வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளரும் குழந்தைக்குச் சொற்கள் இரண்டு மொழிகளிலும் பிரிந்து கிடக்கும். ஒன்றை மட்டும் எண்ணிப் பார்ப்பவர்களுக்குக் குறைவாகத் தோன்றும். சேர்த்து எண்ணினால் குறைவு இருக்காது. மொழிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குக்கூட இரண்டு மொழி தீங்கு செய்வதில்லை. நிறுத்தினால் நேர்வது வேறு. உங்கள் கணவர் தமக்குச் சரளமாக வராத மொழியில் மகனோடு அளந்து அளந்து பேசத் தொடங்குவார். கொஞ்சலும் கதையும் குறைந்துபோகும். அவர் தம் மொழியில் மனம்போலப் பேசட்டும். நீங்கள் உங்கள் மொழியில் பேசுங்கள்.

கைப்பேசி உங்கள் மகனின் பேச்சைப் பறித்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அது கற்றுக்கொடுக்கும் என்றும் சொல்லமாட்டேன். 2003-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு அமர்வுகளில் சீன மொழியைக் கேட்கச் செய்தார்கள். ஒரு குழுவோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசினார்கள். இன்னொரு குழு அதே ஆட்கள் அதே பேச்சைப் பேசுவதைத் திரையில் பார்த்தது. நேரில் பேசக் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாட்டைக் கற்றுக்கொண்டன. திரையில் பார்த்தவை ஒன்றும் கற்கவில்லை. திரை குழந்தையின் கண்ணைப் பார்ப்பதில்லை, அது என்ன செய்தாலும் தன்பாட்டுக்கு ஓடுகிறது. இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைவது இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வழிகாட்டியது. நான் உங்களிடம் கேட்பது அதைவிட எளிது: சாப்பாட்டு வேளையை மட்டும் திரையிடமிருந்து மீட்டுக்கொள்ளுங்கள். முதல் ஒரு வாரம் அடம்பிடிப்பான், குறைவாகச் சாப்பிடுவான். ஆனால் ஒரு நாளில் மூன்று முறை நீங்கள் எதிரெதிரே உட்கார்ந்து முகம் பார்க்கும் நேரம் அது. பேச்சுக்கு அதைவிட நல்ல இடம் வீட்டில் இல்லை. வெளியூரில் இருக்கும் தாத்தாவோடு காணொளி அழைப்பில் பேசுவதைத் தடுக்க வேண்டாம். அவர் பதில் சொல்கிறார், காத்திருக்கிறார், அது உரையாடல்தான்.

எப்படிப் பேச வேண்டும் என்று கேட்பீர்கள். என் அறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சாவி கொடுத்தால் குதிக்கும் தகரத் தவளை ஒன்று என் மேசையில் எப்போதும் இருக்கும். உங்கள் மகன் வயதில் ஒரு குழந்தையோடு வந்த அம்மா, அதைக் கையில் எடுத்து, ‘இது என்ன? தவளை. தவளை சொல்லு. சொல்லுடா கண்ணா. என்ன கலர்?’ என்று ஒரு மூச்சில் கேட்டார். குழந்தை அவருடைய வாயையும் பார்க்கவில்லை, தவளையையும் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் போய்விட்டது. நான் அவரிடம், ஒருமுறை சாவி கொடுத்துக் குதிக்கவிட்டு, அது நின்றதும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, எதுவும் பேசாமல் மனத்துக்குள் பத்து வரை எண்ணச் சொன்னேன். தவளை குதித்தது, நின்றது. குழந்தை மேசைக்கு அடியிலிருந்து வந்தது. தவளையைப் பார்த்தது, அம்மாவின் முகத்தைப் பார்த்தது, மறுபடி தவளையைப் பார்த்தது. பேச வாயெடுத்த அம்மாவை நான் கையமர்த்தினேன். அந்த மௌனத்தைத் தாங்குவது அவருக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை அவர் தோள்களிலேயே பார்க்க முடிந்தது. ஏழோ எட்டோ எண்ணியிருப்பார். ‘ம்’ என்று ஒலியெழுப்பி அவர் கையைத் தள்ளியது குழந்தை. ‘குதி!’ என்று சொல்லிச் சாவி கொடுத்தார். நான்காவது முறை தவளை நின்றபோது, அவர் வாய் திறக்கும் முன்பே குழந்தை சொன்னது: ‘துதி’.

அந்தக் குழந்தைக்கு முதலில் வேண்டியிருந்தது தன் முறை. நாம் கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடியில் நாமே பதிலும் சொல்லிவிடுகிறோம். இரண்டு வயது மூளை கேட்டதைப் புரிந்து, சொல்லைத் தேடி, வாயை ஆயத்தப்படுத்த அதைவிட மிகுந்த நேரம் எடுக்கும். ஆகவே கேள்விகளைக் குறையுங்கள். ‘சொல்லு, சொல்லு’ என்பதை முழுவதுமாக விட்டுவிடுங்கள். அவன் பார்த்துக்கொண்டிருப்பதைப் பற்றி இரண்டு மூன்று சொல்லில் ஒன்றைச் சொல்லிவிட்டு, முகத்தைப் பார்த்தபடி காத்திருங்கள். அவன் ‘ஊ’ என்றால் ‘ரயில் போகுது’ என்று ஒரு படி ஏற்றித் திருப்பிக் கொடுங்கள். அதை அவன் திரும்பச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ‘துதி’ என்றால், ‘அப்படி இல்லை’ என்று திருத்தாமல், ‘ஆமாம், குதி’ என்று தெளிவாகச் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள். ‘க’வுக்குத் ‘த’ வருவது இந்த வயதில் இயல்பு. ‘ர’, ‘ற’, ‘ழ’ எல்லாம் வெகு நாள் கழித்துத்தான் ஒழுங்காக வரும். இன்னொன்று: குழந்தைக்குப் புரிய வேண்டும் என்று சொற்களின் வாலை வெட்டிவிட வேண்டாம். தமிழில் பொருளின் பாதி வாலில் இருக்கிறது. ‘அப்பா கொடு’ என்று சுருக்காமல் ‘அப்பாக்குக் கொடு’, ‘அப்பாகிட்ட வாங்கு’ என்று வீட்டில் பேசுகிறபடியே, சற்று மெதுவாக, இழுத்து இசைத்துப் பேசுங்கள். அப்படிக் கொஞ்சிப் பேசுவதை வெறும் செல்லம் என்று சிலர் குறைத்துச் சொல்கிறார்கள். நீண்ட உயிரொலிகளும் ஏறி இறங்கும் குரலும் குழந்தையின் கவனத்தைப் பிடித்து நிறுத்திச் சொல்லைப் பிரித்துக் காட்டுகின்றன.

அவன் கேட்பதைச் சொல்லவைப்பதற்காகப் பொருளைக் கொடுக்காமல் மறைத்து வைப்பதையும் செய்யாதீர்கள். விரல் நீட்டிக் கேட்டதே அவனுடைய மொழி. அதற்குப் பதில் கிடைத்தால்தான் அடுத்த படி ஏறும் ஆசை வரும்.

பரிசோதனையில் காது நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும் பேச்சு மொழிச் சிகிச்சையாளரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். இந்த வயதில் சிகிச்சை என்பது தரையில் உட்கார்ந்து விளையாடுவதுபோலத்தான் இருக்கும். அதில் பாதி வேலை உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் கற்றுத் தருவது. அன்றாடம் அவனோடு இருப்பவர்கள் நீங்கள்தானே. முடிந்தால் மாமியாரையும் அழைத்துப் போங்கள். பகலில் அவரும் அவனோடு இருப்பவரானால், தவளையைக் கையில் வைத்துக்கொண்டு பத்து வரை எண்ண அவருக்கும் தெரிந்திருப்பது நல்லது.

இன்றிரவே ஒரு தாளை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். அவன் தானாகச் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும், அவன் சொல்கிறபடியே, எதற்காகச் சொல்கிறான் என்ற குறிப்போடு, எந்த மொழியானாலும் எழுதி வாருங்கள். எத்தனை நாள் சளி இருந்தது, எந்த நாள்களில் கூப்பிட்டுத் திரும்பவில்லை என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். பரிசோதனைக்குப் போகும் நாளில் அவனை நன்றாகத் தூங்கவைத்து, வயிறு நிறைய ஊட்டி, அந்தத் தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எழுதும்போது ‘பௌ’வையும் ‘ஊ’வையும் விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
பேச்சு மொழிச் சிகிச்சையாளர்